இன்ஹெனியோஸோ: மதிநுட்பத்தைச் சொல்லும் ஒரு ஸ்பானியப் பெயரடை

ஒருவருடைய அறிவைப் பாராட்ட ஸ்பானிய மொழியில் பல சொற்கள் உண்டு. புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் 'இன்டெலிஹெந்தே' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். அது 'இன்டெலிஜென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை ஒத்திருப்பதால் எளிதில் மனத்தில் பதிகிறது. ஆனால், சட்டென்று ஒரு பதிலைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பவரையும், கையில் கிடைத்த பொருளைக்கொண்டு ஒரு சிக்கலைத் தீர்த்துவிடுபவரையும் ஒரே சொல்லால் பாராட்ட வேண்டுமானால் ஸ்பானியர்கள் எடுக்கும் பெயரடை 'இன்ஹெனியோஸோ' என்பதுதான். மலேசியாவின் நிபோங் தெபால் போன்ற தோட்டப்புற நகரத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் பேசி வளர்ந்தவர்களை மனத்தில் வைத்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன். அந்த மூன்று மொழிகளுமே இச்சொல்லைக் கற்க உதவும், ஆனால் ஓரிடத்தில் ஆங்கிலம் நம்மைத் தவறான வழியில் இழுத்துவிடும்.

முதலில் ஒலிப்பைப் பார்ப்போம். ஐ, என், ஜி, இ, என், ஐ, ஓ, எஸ், ஓ என ஒன்பது எழுத்துகளால் இச்சொல்லை எழுதுவார்கள். ஜி என்ற எழுத்துக்குப் பின் இ வந்தால் ஸ்பானியத்தில் அது 'ஜ' என்றோ 'க' என்றோ ஒலிக்காது, தொண்டையிலிருந்து வரும் 'ஹ' ஆகிவிடும். 'மகன்' என்று சொல்லும்போது நடுவில் உள்ள ககரம் எவ்வளவு மெலிந்து ஒலிக்கிறதோ, அந்த ஒலியைச் சற்று அழுத்தமாகச் சொன்னால் ஏறத்தாழச் சரியாக வந்துவிடும். அடுத்து வரும் 'னியோ' என்பதை இரண்டாகப் பிரிக்காமல் 'ன்யோ' என ஒரே அசையாகச் சொல்ல வேண்டும். ஆகவே இன், ஹெ, ன்யோ, ஸோ என நான்கு அசைகள், அழுத்தம் மூன்றாவது அசையில். எஸ் என்னும் எழுத்து இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவில் வந்தாலும் ஆங்கிலத்தைப்போல் அதிர்ந்து ஒலிக்காமல் தூய 'ஸ' ஆகவே நிற்கும். உயிரெழுத்தில் முடியும் சொற்களில் கடைசிக்கு முந்திய அசையில் அழுத்தம் விழுவதுதான் ஸ்பானிய மொழியின் பொது விதி என்பதால் இச்சொல்லின்மேல் அழுத்தக்குறி எதுவும் இடுவதில்லை.

இனிப் பொருள். இதன் வேர் லத்தீன் மொழியில் உள்ள 'இங்கேனியும்' என்ற பெயர்ச்சொல். 'உள்ளே' என்ற பொருள்படும் முன்னொட்டும் 'பிறப்பித்தல்' என்ற பொருள்படும் வினையும் சேர்ந்து, 'ஒருவருக்குள்ளேயே பிறந்தது' என்ற கருத்தை அது தந்தது. கற்றுக்கொண்ட அறிவிலிருந்து வேறுபட்டு, மனத்தில் இயல்பாக அமைந்த ஆற்றலை அது சுட்டியது. ஸ்பானியத்தில் அது 'இன்ஹேனியோ' என்ற பெயர்ச்சொல்லாகி, 'நிறைந்த' என்ற பொருள் தரும் 'ஓஸோ' என்ற விகுதியை ஏற்றுப் பெயரடை ஆயிற்று. அதே விகுதியை வேறு பல சொற்களிலும் காணலாம். 'ஃபாமா' என்றால் புகழ், 'ஃபமோஸோ' என்றால் புகழ்மிக்க. 'பெலீக்ரோ' என்றால் ஆபத்து, 'பெலிக்ரோஸோ' என்றால் ஆபத்தான. இந்த ஒரு விகுதியைப் புரிந்துகொண்டவருக்கு முன்பின் பார்த்திராத பெயரடைகளும் தாமாகவே பொருள் விளங்கத் தொடங்கும்.

இயல்பாக அமைந்த அறிவு வேறு, நூலால் வந்த அறிவு வேறு என்ற பகுப்பு தமிழுக்குப் புதியதன்று. அமைச்சரின் தகுதிகளைச் சொல்லும் அதிகாரத்தில் 'மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு' என்று வள்ளுவர் தொடங்குகிறார். அங்கே மதிநுட்பத்தை இயற்கையான நுண்ணறிவென்றும், நூலைச் செயற்கையான அறிவென்றும் பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். 'இன்ஹேனியோ' என்பதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல்லைக் கொடுக்கச் சொன்னால், தயங்காமல் இந்த மதிநுட்பத்தைத்தான் கொடுப்பேன். அகராதிகளில் காணப்படும் 'புத்திசாலித்தனம்' என்பது மிகப் பொதுவானது. தேர்வில் அதிகப் புள்ளிகள் வாங்கும் பிள்ளையையும் அது குறிக்கும், கடையில் கணக்குத் தப்பாமல் சில்லறை கொடுப்பவரையும் அது குறிக்கும்.

ஆயினும் மதிநுட்பம் என்று சொல்லிவிட்டால் முழுப் பொருளும் வந்துவிடாது. 'இன்ஹெனியோஸோ' என்ற பாராட்டைப் பெற ஒருவர் எதையாவது உண்டாக்கியிருக்க வேண்டும். அது ஒரு பதிலாக இருக்கலாம், ஒரு கருவியாக இருக்கலாம், ஒரு திட்டமாக இருக்கலாம். ஒன்றும் செய்யாமல், ஒன்றும் சொல்லாமல் தலைக்குள் நிறைய அறிவை வைத்திருப்பவரை 'இன்டெலிஹெந்தே' எனலாம், 'ஸாபியோ', அதாவது ஞானமுள்ளவர், என்றும்கூடச் சொல்லலாம். ஆனால் அவரை 'இன்ஹெனியோஸோ' என்று சொல்ல ஸ்பானியர் தயங்குவர்.

நம் சூழலில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் மரத்தின் பட்டை வழியாக இறங்கும் நீர் வெட்டுவாயில் கலந்து, மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில், சேர்ந்த பாலைக் கெடுத்துவிடும். வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றி நெகிழித் தாளை ஒட்டி, நீரை வெளிப்பக்கம் வழியச் செய்யும் மழைத்தடுப்பு முறை இதற்காகவே வந்தது. இந்த ஏற்பாட்டை ஸ்பானியர் ஒருவர் பார்த்தால் 'ஊனா ஸொலுஸியோன் இன்ஹெனியோஸா' என்பார். மதிநுட்பமான ஒரு தீர்வு என்பது அதன் பொருள்.

இன்னொரு காட்சியை நினைத்துக்கொள்வோம். பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், "ஏம்மா, இன்னிக்கு உன் பால் இவ்வளவு தண்ணியா இருக்கு?" என்று கேட்கிறார். வாளியோடு நிற்கும் பெண், "மழைய நிறுத்தச் சொல்லுங்க ஐயா, நான் பாலைக் கெட்டியாக்கித் தாரேன்" என்கிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள், கேட்டவருக்கும் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. இந்தப் பதிலும் 'ஊனா ரெஸ்புயெஸ்தா இன்ஹெனியோஸா' தான். மழைத்தடுப்பைத் தமிழில் நாம் நல்ல உபாயம் என்போம், பதிலைச் சமயோசிதம் அல்லது சொல்சாதுரியம் என்போம். தமிழ் கைவினையின் நுட்பத்துக்கும் வாய்ச்சொல்லின் நுட்பத்துக்கும் வெவ்வேறு பெயர் வைத்திருக்கிறது. ஸ்பானியம் இரண்டையும் ஒரே ஆற்றலின் வெளிப்பாடாகக் கருதி ஒரே பெயரடையால் சுட்டுகிறது. இச்சொல்லைக் கற்பவர் முதன்மையாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று கருதுகிறேன். தோட்டப்புறப் பிள்ளைகளிடம் அறிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை ஏ என்ற கேள்வியே முன்னால் வந்து நிற்கிறது. அந்தக் கேள்விக்குள் அடங்காத அறிவு தங்கள் வீட்டிலேயே இருப்பதைப் பார்க்கவும், அதற்குத் தகுந்த மரியாதையோடு ஒரு பெயர் சொல்லவும் இந்தச் சொல் அவர்களுக்கு வழிகாட்டும் என்பதால்தான் இதைக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு இத்தனை ஆர்வம்.

இலக்கணத்துக்கு வருவோம். தமிழில் பெயரடை மாறாது. நல்ல பையன், நல்ல பெண், நல்ல பிள்ளைகள், நல்ல வீடு என எங்கும் 'நல்ல' அப்படியே நிற்கும். ஸ்பானியத்தில் 'ஓ' என்று முடியும் பெயரடை தான் தழுவும் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறியாக வேண்டும். ஆண்பால் ஒருமைக்கு இன்ஹெனியோஸோ, பெண்பால் ஒருமைக்கு இன்ஹெனியோஸா, ஆண்பால் பன்மைக்கு இன்ஹெனியோஸோஸ், பெண்பால் பன்மைக்கு இன்ஹெனியோஸாஸ். இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. கெட்டிக்காரன், கெட்டிக்காரி, கெட்டிக்காரர்கள் என்று நாம் நாள்தோறும் மாற்றிச் சொல்கிறோம். ஆண்களும் பெண்களும் கலந்த கூட்டத்துக்கு ஆண்பால் பன்மையையே பயன்படுத்துவது மரபு.

தமிழருக்கு உண்மையில் கடினமான இடம் அஃறிணை. நமக்கு மேசைக்கும் யோசனைக்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது. ஸ்பானியத்தில் உயிரற்ற பொருளுக்கும், கண்ணுக்குத் தெரியாத கருத்துக்கும் பால் உண்டு. 'இதேயா', அதாவது யோசனை, பெண்பால். ஆகவே 'ஊனா இதேயா இன்ஹெனியோஸா'. 'பிளான்', அதாவது திட்டம், ஆண்பால். ஆகவே 'ஊன் பிளான் இன்ஹெனியோஸோ'. யோசனையைச் சொன்னவர் ஆணா பெண்ணா என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஓர் ஆண் சொன்ன யோசனையும் இன்ஹெனியோஸா, ஒரு பெண் தீட்டிய திட்டமும் இன்ஹெனியோஸோ. தமிழ் மாணவர்கள் தொடக்கத்தில் சொன்னவரின் பாலைப் பெயரடையில் ஏற்றிவிடப் பார்ப்பார்கள். பெயரடை தன் பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லை மட்டுமே பார்க்கும்.

சொல்வரிசையில் மலாய் நமக்குத் துணை நிற்கிறது. தமிழில் பெயரடை முன்னால் வரும், பெரிய வீடு என்போம். மலாயில் 'ரூமா பெசார்' என்று பின்னால் வரும். ஸ்பானியத்திலும் பெயரடை பொதுவாகப் பெயருக்குப் பின்னாலேயே வரும். பள்ளிக் கட்டுரைகளில் நாம் எழுதிப் பழகிய 'இடேயா பெர்னாஸ்' என்ற மலாய்த் தொடரையும் 'இதேயா இன்ஹெனியோஸா' என்ற ஸ்பானியத் தொடரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வரிசை ஒன்றாகவே இருப்பது தெரியும், பொருளும் நெருங்கியே இருக்கும். மலாயில் பெயரடை பாலுக்கோ எண்ணுக்கோ ஏற்ப மாறாது என்பதே வேறுபாடு.

பெயரடை முன்னால் வருவதும் உண்டு. அப்போது அது ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டாமல், அந்தப் பெயருக்கு உரிய பண்பை அடைமொழியாக அணிவிக்கும். இதற்கு உலகமே அறிந்த எடுத்துக்காட்டு 1605ஆம் ஆண்டு மத்ரித் நகரில் அச்சான செர்வாந்தேஸின் நாவல். அதன் முழுத் தலைப்பு 'எல் இன்ஹெனியோஸோ இதால்கோ தோன் கிஹோதே தே லா மான்சா'. 'இதால்கோ' என்பது சிறிய நிலக்கிழார் குடும்பத்து மனிதரைக் குறிக்கும் சொல். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தின் தலைப்பில் 'இதால்கோ' போய் 'கபயேரோ', அதாவது வீரப்பெருமகன், என்று மாறியது. ஆனால் 'இன்ஹெனியோஸோ' மட்டும் இரண்டு தலைப்பிலும் நிலைத்தது.

காற்றாலைகளை அரக்கர்கள் என்று எண்ணி ஈட்டியோடு பாய்ந்த அந்த நாவலின் நாயகன் தோன் கிஹோதேக்கு மதிநுட்பமானவர் என்ற அடைமொழி எப்படிப் பொருந்தும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு, அது நல்ல கேள்வி. அக்காலத்தில் 'இன்ஹேனியோ' என்ற சொல் இன்றைக்கு உள்ளதைவிட விரிந்த பொருளைக் கொண்டிருந்தது. ஒருவருடைய மனத்தின் இயல்பான போக்கு, கற்பனை செய்யும் ஆற்றல், புதியதைப் படைக்கும் திறன் எல்லாம் அதில் அடங்கின. ஹுவான் உவார்தே தே ஸான் ஹுவான் என்ற மருத்துவர் மனிதர்களின் 'இன்ஹேனியோ' வகைகளை ஆராய்ந்து, எவருக்கு எந்தக் கல்வி பொருந்தும் என்று காட்ட 1575இல் ஒரு நூலே வெளியிட்டார். உடலின் சூடு, குளிர்ச்சி, வறட்சி, ஈரம் ஆகியவற்றோடு மனத்தின் ஆற்றல்களை இணைத்து அவர் பேசினார். தோன் கிஹோதேயின் வறண்ட உடல்வாகையும் கொதிக்கும் கற்பனையையும் அந்தக் கருத்துகளோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. ஆகவே தலைப்பில் உள்ள 'இன்ஹெனியோஸோ' என்பதைக் கற்பனை வளம் மிகுந்து பெருகிய மனத்தைச் சொல்லும் அடைமொழியாக எடுத்துக்கொண்டால் பொருத்தம் விளங்கும். அக்காலத்தில் எழுத்தாளர்களையே 'இன்ஹேனியோஸ்' என்று அழைக்கும் வழக்கமும் இருந்தது. லோப்பே தே வேகா என்ற நாடகாசிரியருக்கு 'ஃபேனிக்ஸ் தே லோஸ் இன்ஹேனியோஸ்', அதாவது மதிநுட்பமுடையோரில் ஃபீனிக்ஸ் பறவை, என்ற பட்டம் வழங்கியது.

அதே 'இன்ஹேனியோ' பொறி, எந்திரம் என்ற பொருளையும் பெற்றது. மனத்தின் ஆற்றலுக்கும், அந்த ஆற்றல் உண்டாக்கிய கருவிக்கும் ஒரே பெயர். பொறியாளரை ஸ்பானியத்தில் 'இன்ஹெனியேரோ' என்பர். நாம் வீட்டுப் பேச்சில் சொல்லும் 'இன்ஜின்', 'இன்ஜினியர்' என்ற சொற்களும் ஆங்கிலத்தின் வழியாக, அதற்கு முன் பிரெஞ்சின் வழியாக, அதே லத்தீன் வேரிலிருந்து வந்தவைதான். ஆகவே இந்தச் சொல்லின் உறவுகள் ஏற்கெனவே நம் வீட்டில் புழங்குகின்றன.

லத்தீன் அமெரிக்க நாடுகளில் 'இன்ஹேனியோ' என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கரும்பு ஆலைதான். கியூபாவின் திரினிதாத் நகருக்கு அருகே கரும்பு ஆலைகள் நிறைந்திருந்த பள்ளத்தாக்கு ஒன்று 'பயே தே லோஸ் இன்ஹேனியோஸ்' என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. 1988இல் அந்நகரையும் பள்ளத்தாக்கையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பால் அங்கே சர்க்கரை விளைந்தது. பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை வட்டாரத்தில் இன்று செம்பனை நிற்கும் நிலங்கள் பலவற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புதான் விளைந்தது. அதற்காகவே தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. அடிமை முறையும் ஒப்பந்தக் கூலி முறையும் ஒன்றல்ல. ஆயினும் மதிநுட்பத்துக்கும் கரும்பு ஆலைக்கும் ஒரே பெயர் வழங்கும் மொழியைக் கரும்பு வெட்ட வந்தவர்களின் வழித்தோன்றல்கள் கற்கும்போது, அந்த ஆலைகளில் உழைத்த கைகளுக்குரிய மதிநுட்பத்தை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலம் இடறவைக்கும் இடத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். ஸ்பானியத்தில் 'இன்ஹேனுவோ' என்ற இன்னொரு பெயரடை உண்டு. ஒலியில் மிக நெருக்கம், பொருளில் ஏறத்தாழ நேர்மாறு. சூதுவாது அறியாதவர், எதையும் எளிதில் நம்பிவிடுபவர் என்பது அதன் பொருள். அதிலிருந்து வரும் 'இன்ஹெனுயிதாத்' என்ற பெயர்ச்சொல் வெகுளித்தனத்தைக் குறிக்கும். ஆங்கிலத்தில் புத்திக்கூர்மையைக் குறிக்கும் 'இன்ஜினியூட்டி' என்ற சொல்லோடு இது ஒத்து ஒலிப்பதால், ஆங்கிலம் தெரிந்தவர்கள் பாராட்ட நினைத்து 'உங்கள் வெகுளித்தனம் என்னை வியக்க வைக்கிறது' என்று சொல்லிவிடும் அபாயம் இருக்கிறது. பாராட்டுக்குரிய பெயர்ச்சொல் 'இன்ஹேனியோ' என்பதே.

அண்டைச் சொற்களிலிருந்தும் இதைப் பிரித்தறிய வேண்டும். 'அஸ்தூதோ' என்றால் தந்திரமானவர். மலாய்ப் பாடத்தில் நாம் படித்த சாங் காஞ்சில் கதையை எடுத்துக்கொள்ளலாம். அரசரின் கட்டளைப்படி எண்ண வேண்டும் என்று சொல்லி முதலைகளை ஆற்றில் வரிசையாக நிற்கவைத்து, அவற்றின் முதுகின்மேல் தாவித் தாவி அக்கரை சேர்ந்த சருகுமான் 'அஸ்தூதோ'. மற்றவரை ஏமாற்றித் தன் காரியத்தை முடித்துக்கொள்ளும் குணத்தை அச்சொல் சுட்டும். ஆனால் அது போட்ட திட்டத்தைத் தனியே எடுத்துப் பேசினால் அதை 'ஊன் பிளான் இன்ஹெனியோஸோ' எனலாம். 'கிராஸியோஸோ' என்றால் சிரிப்பு மூட்டுபவர். சிரிப்புக்குப் பின்னால் நுட்பம் இருக்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்து ஒரே பாட்டில் பொருள் வைத்த சிலேடையைக் 'கிராஸியோஸோ' என்றால் குறைத்துச் சொன்னதாகும். அது ஐயமின்றி 'இன்ஹெனியோஸோ'.

'இருத்தல்' என்பதற்கு ஸ்பானியத்தில் 'ஸேர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள் உள்ளன. ஒருவருடைய நிலையான பண்பைச் சொல்ல 'ஸேர்' வரும். 'எயா எஸ் இன்ஹெனியோஸா' என்றால் அவள் இயல்பிலேயே மதிநுட்பம் உள்ளவள். குறிப்பிட்ட ஒரு வேளையில் வெளிப்பட்டதைச் சொல்ல 'எஸ்தார்' வரும். 'ஓய் எஸ்தாஸ் முய் இன்ஹெனியோஸா' என்றால் இன்றைக்கு உன் பேச்சில் சாதுரியம் மிகுந்திருக்கிறது என்பது கருத்து. 'முய்' என்றால் மிக. நெருங்கிய தோழிகளுக்குள் இது நல்ல பாராட்டு. பழக்கமில்லாதவரிடமும் பெரியவர்களிடமும் இந்த இரண்டாம் வடிவத்தைத் தவிர்ப்பது நல்லது. குரல் சற்று மாறினாலும் 'இன்றைக்கு மட்டும் என்ன இவ்வளவு கெட்டிக்காரத்தனம்' என்று குத்திக் காட்டுவதுபோல் ஆகிவிடும்.

இச்சொல்லின் குடும்பத்தில் ஒரு வினையும் இருக்கிறது. 'இன்ஹெனியார்ஸெலாஸ்' என்றால் வசதி இல்லாத நிலையிலும் எப்படியோ ஒரு வழி கண்டு காரியத்தை முடித்துக்கொள்வது. பசி மதிநுட்பத்தைத் தீட்டும் என்று பொருள்படும் 'எல் ஆம்ப்ரே அகூஸா எல் இன்ஹேனியோ' என்ற பழமொழியும் ஸ்பானியர் வாயில் வழங்குகிறது. வினை வடிவங்கள் சற்று நீளமானவை என்பதால் அவற்றைப் பின்னர் கற்றுக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு, வீட்டிலும் தோட்டத்திலும் கண்ணில் படும் பொருள்களின் ஸ்பானியப் பெயர்களை 'ஒரு' என்று பொருள்படும் 'ஊன்' அல்லது 'ஊனா' என்ற சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது. வெறும் 'இதேயா' என்று படித்தவருக்குப் பெயரடை சேர்க்கும்போது பால் குழம்பும். 'ஊனா இதேயா' என்று படித்தவருக்கு 'இன்ஹெனியோஸா' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆண்பாலில் இரண்டு, பெண்பாலில் இரண்டு என நான்கு பெயர்களை எடுத்து, ஒருமையிலும் பன்மையிலும் சத்தமாகச் சொல்லிப் பழகிய பிறகு மனிதர்களைப் பற்றிய வாக்கியங்களுக்குப் போகலாம். பேரன் தன் பாட்டியைப் பற்றிச் சொல்வதானால் 'மி அபுயேலா எஸ் முய் இன்ஹெனியோஸா' என்றும், தாத்தாவைப் பற்றியானால் 'மி அபுயேலோ எஸ் முய் இன்ஹெனியோஸோ' என்றும் சொல்ல வேண்டும்.